பஞ்சு இல்லாமல் கரையேறிய பனிமனிதன்

லியபாயா துறைமுகம், லாட்வியா
24 ஆகஸ்ட் 2024

அன்புத் தங்கை பஹீமாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உறுதியான செய்தியை முதலில் எழுதிவிடுகிறேன். எங்கள் கப்பலைச் சென்ற செவ்வாய்க்கிழமை நீதிமன்றம் பிடித்து வைத்துவிட்டது. முதலாளி எண்ணெய்க்கும் துறைமுகத்துக்கும் கட்ட வேண்டியதைக் கட்டவில்லை. சொன்னவர் யானிஸ். இங்குள்ள மாலுமிகள் இல்லத்தில் வேலை பார்க்கிறார், வாரம் ஒருமுறை எங்களைப் பார்க்க வருகிறார். நீதிமன்றத் தாளை எங்களுக்குப் படித்துச் சொன்னவரும் அவர்தான். கப்பலும் அதிலிருக்கும் ஒவ்வொரு பொருளும் வழக்கு முடியும்வரை வெளியே போகக்கூடாது. ஆட்கள் போகலாம். ஆனால் அடித்தளத்தில் ஊறும் தண்ணீரை இறைக்கும் பம்பு தெரிந்த ஒருவராவது கப்பலில் இருக்க வேண்டும். அது தெரிந்தவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவன் நான்.

என் உடம்புக்கு ஒன்றுமில்லை. அரிசி இருக்கிறது. உம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது?

என் போன் தண்ணீரில் விழுந்துவிட்டது. யானிஸ் மாதம் ஒருமுறை தன் போனைக் கொடுக்கிறார். அந்தப் பத்து நிமிடத்தையும் சாச்சாவே பேசிவிடுகிறார். போன வாரம் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "மாப்புள பிரான்ஸு, நேஷனாலிட்டி உள்ளவரு. டிசம்பர் இருவதுல லீவுக்கு வர்றாரு, ஜனவரி இருவத்திநாலுல திரும்பிடுவாரு. அதுக்குள்ள நிக்காஹ் முடிக்கணும். மொத பொண்டாட்டி நுஸ்ரத்தோட ஒத்துவரல, அது முடிஞ்ச கத. நீ வா, இல்லாட்டி எழுத்துல குடு."

வாப்பா இல்லாத வீட்டில் நான்தான் உனக்கு வலி, நிக்காஹுக்குப் பொறுப்பாளி. நான் ஒப்புக்கொடுக்காமல் நிக்காஹ் நடக்காது. நான் வர முடியாவிட்டால் வாப்பாவின் தம்பி என்ற முறையில் சாச்சாவை என் சார்பில் வகீலாக வைத்து எழுதித் தர வேண்டும். நீ என்ன சொல்கிறாய்?

இன்னொன்று. யானிஸின் மகள் மார்தாவுக்கு ஆறு வயது. வாரம் தவறாமல் எங்களுக்கு ஒரு புட்டி வெள்ளரிக்காய் ஊறுகாய் கொடுத்தனுப்புகிறாள். கிறிஸ்துமஸுக்கு அவளுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும். கப்பலில் கொடுக்கிற மாதிரி ஒன்றுமில்லை. மாலுமிகளுக்குக் குல்லாய் பின்னும் பெண்கள் மிச்சக் கம்பளி நூலை ஒரு பை நிறையக் கொடுத்திருக்கிறார்கள். நீ பின்னுகிறாயே, பனிமனிதன் பொம்மை, அதை எப்படிச் செய்வது? எனக்குக் கயிற்று முடிச்சு தெரியும். அந்த அளவுக்குச் சொல்லிக்கொடு.

உன் நானா,
ஆபித்

*

தலத்தெரு, காரைக்கால்
12 செப்டம்பர் 2024

அன்பு நானாவுக்கு, வஅலைக்கும் சலாம்.

உம்மா நடக்கிறார்கள். மாடிப்படி மட்டும் ஏறுவதில்லை. நீங்கள் கம்பளி நூல் எடுத்திருக்கிறீர்கள் என்று சொன்னதும், "என் மவனயா ஊசி புடிக்க வச்சுட்டாங்க?" என்று அழுதார்கள். பிறகு அவர்களே, "கெட்டியா புடிக்கச் சொல்லு, நழுவும்" என்றார்கள்.

எனக்கு இந்த வருடம் இருநூறு பனிமனிதன் ஆர்டர். புதுச்சேரிக் கடைக்காக தேவிகா பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஸ்கூட்டரில் வந்து வாங்கிப் போகிறாள். இங்கே வெயில் இன்னும் குறையவில்லை. கம்பளி விரலில் ஒட்டுகிறது. முதல் வருடம் நான் கொடுத்த சாம்பிளைக் கடைக்காரர் திருப்பி அனுப்பினது உங்களுக்குத் தெரியாது. பனியில் நிற்கிறவனுக்குக் காது அடைக்குமே என்று மார்கழியில் வாட்ச்மேன் போடுகிற குரங்குக் குல்லாயைப் பின்னி, மூக்கு மட்டும் தெரிகிற மாதிரி மாட்டிவிட்டேன். தேவிகா சிரித்த சிரிப்பில் தெருவே எட்டிப் பார்த்தது. "அவனே பனிடி பஹீமா, அவனுக்கு எப்புடிடி பனி புடிக்கும்?" என்றாள். அதன்பிறகு தலையில் சின்னத் தொப்பி, கழுத்தில் மப்ளர், அவ்வளவுதான்.

செய்முறை: நூலை விரலில் சுற்றி ஒரு வளையம் செய்யுங்கள். அதற்குள் ஆறு சிங்கிள் கண்ணி போடுங்கள். அடுத்த சுற்றில் ஒவ்வொன்றிலும் இரண்டு போட்டால் பன்னிரண்டு. அதற்கடுத்து ஒன்றில் ஒன்று, அடுத்ததில் இரண்டு என்று மாற்றி மாற்றிப் போட்டால் பதினெட்டு. இப்படியே விரித்துக்கொண்டு போய், முப்பத்தாறு வந்ததும் கூட்டாமல் நேராகச் சுற்றுங்கள், உயரம் வரும். சுற்று தொடங்கும் இடத்தில் வேறு நிற நூலைச் செருகி வையுங்கள். இல்லாவிட்டால் எங்கே தொடங்கினோம் என்பதே தெரியாது. சின்னதாக்க, இரண்டை ஒன்றாகப் பின்னுங்கள். பஞ்சு கிடைக்காவிட்டால் சுத்தமான துணிக் கந்தல் போதும். வாய் குறுகுவதற்கு முன்னால் அடைத்துவிட வேண்டும்.

என் போன் ரிப்பேருக்காக சாச்சா கடையில் இருக்கிறது. அதனால் எனக்கும் கடிதமே நல்லது.

நிக்காஹ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நீங்கள் வந்த பிறகுதான் என்று இங்கே சொல்லியிருக்கிறேன்.

உங்கள் தங்கை,
பஹீமா

*

லியபாயா
30 செப்டம்பர் 2024

அன்பு பஹீமாவுக்கு, சலாம். உம்மாவுக்கும் என் சலாம்.

ஊரிலிருந்து வந்த நாலு பேருக்கு நேற்று டிக்கெட் கிடைத்தது. கேப்டன் காட்டின தாளில் நானே பார்த்தேன். மீதி கேப்டனும் ஒரு பிலிப்பைன்ஸ்காரரும் நானும். பம்பு தெரிந்த இன்னொருவர் அந்த நாலு பேரில் ஒருவர். அவர் மனைவிக்குப் பிரசவ நாள்.

யானிஸ் தந்த பையில் குரோஷா ஊசி இல்லை. பித்தளைக் கம்பி ஒன்றை எடுத்து நுனியை அரத்தால் தேய்த்துக் கொக்கி ஆக்கிக்கொண்டேன். முப்பத்தாறு வரை வந்துவிட்டேன். ஆனால் என் பின்னல் நீ பின்னுவது போல் இல்லை. கல் மாதிரி இருக்கிறது, ஊசி உள்ளே போகமாட்டேன் என்கிறது. பிலிப்பைன்ஸ்காரர் பார்த்துவிட்டு, "இது பொம்மையா, கப்பல் மோதாமல் தொங்கவிடும் பந்தா?" என்று கேட்டார்.

தங்கச்சி, உன் கடைசி வரியைப் பலமுறை படித்தேன். நான் வந்த பிறகுதான் என்கிறாய். நான் எப்போது வருவேன் என்று எனக்கே தெரியாது. நீதிபதிக்கும் தெரியாது என்கிறார் யானிஸ். என்னால் உன் வாழ்க்கை நிற்பது எனக்கு நன்றாக இல்லை. சாச்சா மறுபடி கேட்டார். "ஒரு தாளு, ஒரு கையெழுத்து, இதுல என்னடா கஷ்டம் ஒனக்கு? வெறுந்தாளு வாணாம், சீல் கீல் வச்சு ஆபீசரு மாதிரி அனுப்பு. ஜமாஅத்துல மதிக்கணும்" என்றார். நான் பொறுங்கள் என்றேன். நேரடியாகக் கேட்கிறேன்: எழுதித் தரட்டுமா?

போன் ரிப்பேர் முடிந்ததா? டிஸ்பிளே போயிருந்தால்கூட இரண்டு நாள் வேலைதான் அது.

ஆபித்

*

காரைக்கால்
19 அக்டோபர் 2024

அன்பு நானாவுக்கு, சலாம். நீங்கள் சாப்பிடுவதை எழுதவில்லை. மூன்று பேருக்கு யார் சமைக்கிறார்கள்?

பின்னல் கல்லாவதற்குக் காரணம், ஒவ்வொரு கண்ணியையும் முடிச்சு மாதிரி இழுத்து இறுக்குகிறீர்கள். கப்பல் கயிறு அவிழக்கூடாது. இது அவிழலாம் நானா, அவிழ்வது தப்பில்லை. ஊசியின் தடித்த பகுதிக்குக் கண்ணியைத் தள்ளிவிட்டு அங்கே அளவெடுங்கள். நூலை சுண்டுவிரலில் சுற்றாமல் இரண்டு விரலுக்கு நடுவில் விட்டால் தளர்ந்து வரும். செய்தவரை பிரித்துவிட்டுத் திரும்பத் தொடங்குங்கள். நூல் வீணாகாது.

மழை பிடித்துவிட்டது. பின்னினது காயமாட்டேன் என்கிறது. சோற்றுப்பானை மூடியில் வைத்துக் காயவைக்கிறேன். பனிமனிதனெல்லாம் ரசம் வாசம் அடிக்கிறான் என்று தேவிகா மூக்கைப் பிடிக்கிறாள்.

மாப்பிள்ளையின் உம்மா வந்திருந்தார்கள். என் கையைத் திருப்பிப் பார்த்தார்கள். ஊசி தங்கும் விரலில் காய்ப்பு இருக்கிறது. "அங்க வந்தா இந்த வேலையெல்லாம் வாணாம். வெளிய போக்குவரத்தும் இருக்காது. நிம்மதியா வூட்டுல இருக்கலாம்" என்றார்கள். சாச்சா, "குடுத்து வச்சவ" என்றார். உம்மா டீ கொண்டுவந்தார்கள். அவர்கள் போன பிறகு ஒரு பொம்மையின் அடிப்பகுதியை நான் இரண்டு முறை தப்பாக எண்ணிப் பிரித்தேன்.

பனி எப்படி இருக்கும் நானா? நான் கேட்பது உங்கள் ஊர்ப் பனியை. இவ்வளவு செய்தும் நான் அதைப் பார்த்ததில்லை. கையில் எடுத்தால் மாவு மாதிரி இருக்குமா, உப்பு மாதிரியா?

இனி எனக்கு எழுதும்போது தேவிகாவின் முகவரிக்கு எழுதுங்கள். பின்பக்கம் எழுதியிருக்கிறேன். தபால்காரர் வரும் நேரத்தில் நம் வீட்டில் ஆள் இருப்பதில்லை.

பஹீமா

*

லியபாயா
6 நவம்பர் 2024

அன்பு பஹீமாவுக்கு, சலாம்.

முந்தாநாள் காலை பனி பெய்தது. இதற்குச் சாட்சி நான் ஒருவனே. கேப்டனும் பிலிப்பைன்ஸ்காரரும் ஒன்றாம் தேதியே ஊருக்குப் போய்விட்டார்கள். கவலைப்படாதே. பம்பு ஓடுகிறது, ஹீட்டர் ஓடுகிறது, யானிஸ் வருகிறார்.

நீ கேட்டதற்குப் பதில்: முதலில் விழும்போது அது மாவும் இல்லை, உப்பும் இல்லை. ஊதினால் பறக்கிறது. கையில் அள்ளி அழுத்தினால் இட்லி மாதிரி பிடிபடுகிறது. விரல் நுனி முதலில் எரிகிறது, பிறகு மரத்துப்போகிறது. மேல்தளத்தில் நான் நடந்த தடம் மட்டும் இருந்தது. வேறு தடமில்லை.

உன் சொல்படி பிரித்துவிட்டுத் தளர்வாகப் பின்னினேன். உடம்பு முடிந்தது, தலை முடிந்தது. பஞ்சுக்குப் பதில் இன்ஜின் அறையில் கை துடைக்கும் காட்டன் வேஸ்ட், எண்ணெய் படாதது. சாய்ந்து விழாமல் நிற்க அடியில் இரண்டு இரும்பு நட்டு வைத்திருக்கிறேன். நீயே பார்த்தால் ஒப்புக்கொள்வாய்.

நான் எழுதித் தரட்டுமா என்று கேட்டதற்கு உன் கடிதத்தில் பதிலே இல்லை. நான்கு பக்கம் எழுதியிருக்கிறாய், அதற்கு ஒரு வரி இல்லை. நம் வழக்கம் எனக்குத் தெரியும். பள்ளிவாசல் ஹஜ்ரத் வந்து கேட்கும்போது பெண் வாய் திறந்து ஆமாம் என்று சொல்வதில்லை. அமைதியாக இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள். அப்படியே நானும் எடுத்துக்கொண்டேன். அண்ணனிடம் இதைச் சொல்லக் கூச்சம் இருக்கும்தானே.

சாச்சாவுக்குக் கொடுக்க வேண்டியதைக் கப்பலின் பெயர் அச்சிட்ட தாளில், வட்ட சீல் குத்தி எழுதிவிட்டேன். பார்வைக்கு நன்றாக வந்திருக்கிறது. இரண்டு வாரத்தில், பொம்மைக்கு மப்ளர் முடிந்ததும், இரண்டையும் யானிஸிடம் கொடுத்துவிடுவேன். பொம்மை அவர் வீட்டுக்கு, கடிதம் தபாலுக்கு.

அல்லாஹ் உன் வாழ்க்கையை நல்லபடியாக ஆக்கட்டும்.

ஆபித்

*

காரைக்கால்
10 நவம்பர் 2024

அன்பு நானாவுக்கு, சலாம். உங்கள் அடுத்த கடிதம் இன்னும் வரவில்லை. காத்திருக்காமல் எழுதுகிறேன்.

நேற்று நூல் வாங்க உம்மாவோடு கடைத்தெருவுக்குப் போனேன். உம்மா மருந்துக்கடையில் நின்றார்கள். நூல் கடையில் மாப்பிள்ளையின் முதல் மனைவி நுஸ்ரத் லாத்தா இருந்தார்கள். இப்போது தையல் வேலை செய்கிறார்களாம். நான் யாருக்குப் பேசப்பட்டிருக்கிறேன் என்பது அவர்களுக்குத் தெரியும். சலாம் சொன்னோம். என் கையில் வெள்ளைக் கம்பளி இருந்தது. என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டார்கள். சொன்னேன்.

பிரான்ஸில் மூன்று குளிர்காலம் இருந்தவர்கள், அவர்களிடம் கேட்கலாமே என்று, "லாத்தா, பனி தொட்டா எப்புடி இருக்கும்?" என்றேன்.

"தெரியாது புள்ள" என்றார்கள். "நாலாவது மாடி. ஜன்னல்ல நின்னு பாத்திருக்கேன். தொட்டதில்ல."

கடைக்காரர் நூலைக் கட்டிக் கொடுத்தார். லாத்தா என் தலையில் கை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். உம்மா வந்து, "அவ என்ன சொன்னா?" என்றார்கள். நூல் விலை கேட்டார்கள் என்றேன்.

புயல் வருமென்று சொல்கிறார்கள். மீன்பிடிக்கப் போனவர்களை கிளிஞ்சல்மேட்டில் திரும்பக் கூப்பிட்டுவிட்டார்களாம். இது தேவிகா சொன்னது.

கடைசிக் கண்ணியை மூடுவதற்கு முன் பொம்மையை ஒருமுறை நிற்கவைத்துப் பாருங்கள். மூடிவிட்டால் உள்ளே கை போகாது.

பஹீமா

*

காரைக்கால்
24 நவம்பர் 2024

நானாவுக்கு, சலாம்.

உங்கள் ஆறாம் தேதிக் கடிதம் நேற்று வந்தது. தேவிகா வாசலில் நிற்கிறாள், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

நான் எழுதாமல் விட்டதற்குச் சம்மதம் என்று பொருள் இல்லை.

சாச்சாவுக்கான தாள் தபாலில் போய்விட்டதா, போயிருந்தால் எந்தத் தேதி? அதை மட்டும் எழுதுங்கள். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். தனியாக இருப்பதை உம்மாவிடம் சொல்லவில்லை.

பஹீமா

*

லியபாயா
11 டிசம்பர் 2024

அன்பு பஹீமாவுக்கு, சலாம்.

தாள் போகவில்லை. இதை உறுதியாக எழுதுகிறேன், அது இருக்கும் இடத்தை நானே பார்த்தேன்.

நவம்பர் இருபதாம் தேதி யானிஸ் பொம்மையையும் உறையையும் பையில் வைத்துக்கொண்டு போனார். துறைமுக வாயிலில் காவலர் பையைத் திறந்தார். பொம்மையை அமுக்கினார், நட்டு தட்டுப்பட்டது. எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். யானிஸுக்குப் பொய் வராது. கப்பலிலிருந்து என்றார். நட்டும் காட்டன் வேஸ்டும் பிடித்து வைக்கப்பட்ட கப்பலின் பொருள், நீதிமன்ற அனுமதி இல்லாமல் வெளியே போகக்கூடாது. உறையைப் பார்த்தார். கப்பல் பெயர், கப்பல் தாள், கப்பல் சீல். அதுவும் அப்படியே. சாதாரண நோட்டுத் தாளில் எழுதியிருந்தால் அன்றைக்கே போயிருக்கும். இந்தக் கடிதமெல்லாம் அப்படித்தான் போகிறது. சாச்சாவின் ஆசைக்கு சீல் குத்தினேன், அந்த சீலே பிடித்து வைத்துவிட்டது. இரண்டையும் காவலரே கப்பலுக்குத் திரும்பக் கொண்டுவந்தார். நான் காவலரை வாய்க்கு வந்தபடி தமிழில் திட்டினேன். அவர் நல்ல மனிதர், தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

வேறு தாளில் எழுதலாம் என்று உட்கார்ந்தபோது யானிஸ் உன் பத்தாம் தேதிக் கடிதத்தைக் கொண்டுவந்தார்.

படித்தேன். மேல்தளத்துக்குப் போனேன். பிடித்து வைத்த கப்பலில் இருக்கிற நான் பனியைத் தொட்டிருக்கிறேன். அந்தப் பெண் மூன்று வருடம் வீட்டில் இருந்து தொடவில்லை. நீ இதற்குமேல் எழுத வேண்டாம், புரிந்துவிட்டது. உன் போன் ஏன் இன்னும் ரிப்பேராகவே இருக்கிறது என்பதும், தேவிகாவின் முகவரி ஏன் என்பதும் புரிந்துவிட்டது. போனை வைத்துக்கொண்ட சாச்சா கடிதத்தையும் விடமாட்டார். நேற்று வந்த உன் சுருக்கமான கடிதத்தையும் படித்தேன்.

தாளைக் கிழிக்கப் போனேன். காவலர் அதற்குள் அதைக் கப்பல் பொருள் பட்டியலில் ஏற்றிவிட்டார், கிழித்தால் அது வேறு குற்றமாம். ஆகவே அது வழக்கு முடியும்வரை இங்கேயே இருக்கும். இருக்கட்டும்.

பொம்மைக்கு வழி கிடைத்தது. நூல் கரையிலிருந்து வந்தது, அது போகலாம் என்றார் காவலர். அடியைப் பிரித்து எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன். துவைத்த காலுறை மாதிரி தட்டையாக ஆகிவிட்டான். யானிஸ் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

இனி முக்கியமானது. எனக்குப் பதிலாக உள்ளூர் காவலாள் ஒருவர் கிடைத்திருக்கிறார், பம்பு தெரிந்தவர். மாற்றி விடலாமா என்று தீர்மானிக்க ஜனவரி ஒன்பதாம் தேதி விசாரணை வைத்தார்கள். அன்றைக்கே விட்டால் பதினைந்துக்குள் ஊரில் இருப்பேன். மாப்பிள்ளை இருபத்திநாலு வரை அங்கே இருக்கிறார். நான் வந்து நின்றால், என் பேரைச் சொல்லித் தள்ளிப்போட உனக்கு வழியில்லை. சாச்சாவை நான் சமாளிப்பேன். உம்மா என் காலடியில் உட்கார்ந்து அழுதால் என்னால் முடியாது, உனக்கே தெரியும். தூரத்தில் இருந்தால்தான் என் வாய் உறுதியாக இருக்கும். அதனால் விசாரணையைப் பிப்ரவரிக்குத் தள்ளிவையுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். காரணம் உடல்நலம் என்று போட்டிருக்கிறேன். உடல்நலம் நன்றாகத்தான் இருக்கிறது.

யானிஸின் நம்பரைக் கீழே எழுதியிருக்கிறேன். அவசரம் என்றால் தேவிகாவின் போனிலிருந்து அனுப்பு.

ஆபித்

*

லியபாயா
26 டிசம்பர் 2024

அன்பு பஹீமாவுக்கு, சலாம்.

விசாரணை பிப்ரவரி பதினெட்டுக்கு மாறியது. நீதிமன்ற எழுத்தர் இருபத்திமூன்றாம் தேதி யானிஸிடம் சொன்னார். நான் மனம் மாறி எழுத்தில் கொடுத்தால், ஜனவரி ஆறு மாலைக்குள் கொடுத்தால், பழைய தேதியே நிற்குமாம். நான் மாறவில்லை. தகவலுக்காக எழுதுகிறேன்.

பனிமனிதன் போய்ச் சேர்ந்தான். தட்டையாக இருந்தவனைப் பார்த்து மார்தா, "இவன் ஏற்கெனவே உருகிவிட்டானா?" என்று கேட்டாளாம். அவளும் அவள் தாயும் பழைய காலுறைகளைத் திணித்து நிற்கவைத்தார்கள். அடியில் நட்டுக்குப் பதில் காய்ந்த பட்டாணி. மறுநாள் காலை ஆளைக் காணோம். தோட்டத்தில், நிஜமான பனிமனிதனுக்குப் பக்கத்தில், கழுத்துவரை புதைத்து வைத்திருந்தாள். இப்போது ஹீட்டர்மேல் காய்கிறான். தொப்பி சுருங்கிவிட்டது. இன்னொரு தொப்பி பின்னித் தர ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

யானிஸ் குடும்பத்தோடு மாமியார் ஊருக்குப் போகிறார். காட்டுப் பக்கம், அங்கே சிக்னல் கிடையாதாம். ஐந்தாம் தேதி திரும்புவார். அதுவரை எனக்கு வேண்டிய ரொட்டியும் முட்டையும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

ராத்திரி கப்பல் இரும்பு குளிரில் முனகுகிறது. பழகிவிட்டது. உன் பக்கம் என்ன நடக்கிறது என்று தெரியாததுதான் பழகவில்லை.

ஆபித்

*

காரைக்கால்
29 டிசம்பர் 2024

அன்பு நானாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகு, இந்த நிக்காஹுக்குச் சம்மதம் இல்லை என்று பஹீமா சொல்லிவிட்டாள். சொன்னது நான்தான். கேட்டவர்கள் உம்மாவோடு ஐந்து பேர்.

உங்கள் பதினோராம் தேதிக் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. தேவிகா வீட்டு அடுப்படியில் நின்று படித்தேன். பிப்ரவரிக்குத் தள்ளிவைக்கச் சொன்ன இடத்தில் எனக்குக் கோபம் வந்தது. உங்கள் மேல் இல்லை. நான் வாய் திறக்காமல் இருக்க, அதற்காக நீங்கள் உள்ளே இருக்க வேண்டுமா?

மாப்பிள்ளை வந்து எட்டு நாளாகிறது. உங்கள் எழுத்து வரவில்லை என்றதும் சாச்சா, அண்ணன் எட்டாத இடத்தில் இருக்கிறான், ஹஜ்ரத்தே பொறுப்பெடுத்துச் செய்துவைக்கட்டும் என்று சொல்லி அவரை அழைத்துவந்தார். முதலில் பெண்ணிடம் கேட்க வேண்டும் என்று ஹஜ்ரத் சொல்லிவிட்டார். சாட்சிக்கு நசீம் மாமாவும் இன்னொருவரும். நான் உள்ளறையில், திரைக்குப் பின்னால். உம்மா என் காதோரம், "நீ ஒண்ணும் சொல்ல வாணாம், சும்மா குனிஞ்சு இரு, அது போதும்" என்றார்கள்.

ஹஜ்ரத் கேட்டார். நான் இல்லை என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"என்ன சொன்னா?" என்றார் சாச்சா.

"இல்லைன்னு சொன்னாங்க" என்றார் ஹஜ்ரத்.

"மழைல சளி புடிச்சிருக்கு அவளுக்கு. ஒழுங்கா வெளங்கல. இன்னொரு வாட்டி கேளுங்க."

ஹஜ்ரத் இன்னொரு முறை கேட்டார். நான் திரையை விலக்கிவிட்டு, "எனக்குச் சம்மதம் இல்ல ஹஜ்ரத். நானா இங்க இருந்தாலும் இல்ல, இல்லாட்டியும் இல்ல" என்றேன்.

நசீம் மாமா சாச்சாவைப் பார்த்து, "அலாவுதீன், எனக்கு ஒரு காது அவுட்டு. எனக்கே கேட்டுடுச்சுப்பா" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவர் மட்டும் கொஞ்சம் சிரித்தார்.

"பொண்ணு வாயால சொன்ன பொறவு நான் எழுத மாட்டேன்" என்று ஹஜ்ரத் எழுந்துவிட்டார். சாச்சா டீ குடிக்காமல் போனார். வாசலில் திரும்பி, "ஆபித் வரட்டும். அவன் முன்னாடி இதயே சொல்லட்டும், பாக்குறேன்" என்றார். உம்மா நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை. என் தட்டில் சோறு மட்டும் வைக்கிறார்கள். போன் திரும்பி வரவில்லை. ஜனவரியில் எனக்கு ஆர்டர் கிடையாது, வெளியே போகக் காரணமும் இல்லை. இதில் எதுவும் சுலபமாக முடியுமென்று நான் எழுத மாட்டேன்.

ஆனால் சொன்னது சொன்னதுதான். உங்கள் பேரைச் சொல்லித் தள்ளிப்போட இனி எனக்குத் தேவையில்லை. நீங்கள் வாருங்கள். உம்மா அழுதால் அழட்டும், பக்கத்தில் நான் நிற்கிறேன். தள்ளிவைக்கக் கேட்டதை உடனே திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளை வீட்டு முடிவு வரும் வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு தெரியும் என்று நசீம் மாமா சொன்னார். இந்தக் கடிதம் எப்படியும் ஜனவரி பதினைந்துக்கு முன் உங்களுக்குக் கிடைக்காது. அதனால் தேவிகாவின் போனிலிருந்து யானிஸின் நம்பருக்கு இதையே இரண்டு வரியாக இங்கிலீஷில் எழுதி, இன்று காலை பத்தரை மணிக்கு அனுப்பினோம். மாலைவரை ஒரு டிக்தான் விழுந்திருக்கிறது, அவர் போனுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. இரண்டாவது விழுந்ததும், எந்த நேரமானாலும், ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வந்து வாசலில் இரண்டு முறை ஹார்ன் அடிக்கிறேன் என்று தேவிகா சொல்லியிருக்கிறாள்.

உங்கள் தங்கை,
பஹீமா